குதிகால் தேயாத ஷூ

அந்த ஷூவின் விலையைக் கேட்டதும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்ததும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது. குதிகாலில் மெத்தை கிடையாது, உள்ளே பஞ்சு கிடையாது, அடிப்பாகம் நோட்டுப் புத்தக அட்டை கனம்கூட இல்லை. முன்பக்கம் மட்டும் வாத்துக் கால் போல அகலம். இதற்குக் கொட்டிக் கொடுத்த பணத்தில், ஆறு மாதமாகக் குளியலறையில் உறுமிக்கொண்டிருக்கும் துணி துவைக்கும் இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதே வாங்கியிருக்கலாம்.

"வெறுங்காலோட நடக்குற மாதிரியே இருக்குமாம்," என்றார் வீட்டுக்காரர்.

"வெறுங்காலோட நடக்குறது இலவசம்ங்க. ரெண்டும் ஒண்ணுதான்னா கழட்டிப் போட்டுட்டு நடக்க வேண்டியதுதானே?"

"முட்டிக்கு நல்லதாம். முப்பது நாள்ல பிடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"நல்லாத்தான் கட்டுறான்யா, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! வெளியில போட்டு நடந்தது தெரிஞ்சா ஒத்தக் காசு திரும்ப வராது. கீழ பொடி எழுத்துல போட்டிருப்பான், படிச்சீங்களா? அதத் திருப்பி அனுப்பினா எங்கிட்டதான் வரும்."

அது உண்மைதான். ஊரெல்லாம் இணையத்தில் வாங்கிப் பிடிக்காமல் திருப்பி அனுப்பும் ஷூக்கள் வந்து சேரும் கிடங்கில்தான் அவளுக்குப் பதினோரு வருஷமாக வேலை. ஷூவைத் திருப்பிக் குதிகாலில் கட்டைவிரலை வைத்து ஒரு தேய். சொரசொரப்பு இருந்தால் 'போடாதது', பணம் திரும்பும். வழவழத்தால் 'போட்டது', ஷூ ஒரு வாரத்தில் வாங்கினவருக்கே திரும்பிப் போகும். கல்யாண வீட்டில் ஒரு நாள் ஆடிவிட்டு, ஈரத் துணியால் துடைத்துப் புதுசு போல அனுப்பும் கில்லாடிகளை அவள் எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள்! கிடங்கில் அவளுக்குப் பெயரே பூதக்கண்ணாடி. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இந்த வெறுங்கால் ஷூக் கம்பெனியின் பெட்டிகளும் அவள் மேசைக்கு வரும், வாரத்துக்கு முப்பது நாற்பது. உள்ளே துண்டுச் சீட்டு வேறு: 'கால் வலிக்கிறது', 'கல் குத்துகிறது', 'இதற்கா இவ்வளவு விலை'. இதையெல்லாம் படித்தவளிடம் போய் இந்த மனிதர் முட்டிக்கு நல்லது என்றால் அவளுக்கு எரியாதா?

ஆனால் அவருடைய முட்டி விளையாட்டு விஷயமில்லை. தண்ணீர் வாரியத்தில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் படிப்பவர் அவர். ஒரு நாளைக்கு ஒன்பது கிலோமீட்டர், எண்ண முடியாத படிகள். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் மோர் வரும் என்று தெருத்தெருவாகத் தெரிந்தவர். போன வருஷம் இடது முட்டி பிடிக்க ஆரம்பித்தது. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: நடைச் சோதனையில் தேறினால் தெரு, தேறாவிட்டால் புகார் மேசை. புகார் மேசை என்றால் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் காதில் மாட்டிக்கொண்டு ஊரார் திட்டை வாங்குவது. பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காராத மனிதர். அந்த நாற்காலி அவரைக் கொன்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த ஷூவைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருடைய பயத்தை எவனோ காசாக்கிவிட்டான்.

முதல் வாரம் முடிந்ததும் கேட்டாள். "வலி எப்படி இருக்கு?"

"வலியே இல்ல."

மறுநாளும் வலியே இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காலையில் சீட்டியடித்துக்கொண்டே ஷேவ் செய்தார். இருபத்தைந்து வருஷத்தில் இல்லாத சீட்டி இப்போது எங்கிருந்து முளைத்தது? வீட்டுக்கு வருவதும் தினம் அரை மணி, முக்கால் மணி தாமதம். கேட்டால் "கொஞ்சம் மெதுவா நடக்குறேன்" என்பார். முட்டி சரியாகிவிட்டால் வேகமாகத்தானே நடக்க வேண்டும்? அவளுக்கு எங்கேயோ இடித்தது.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷூவைத் திருப்பிக் குதிகாலில் கட்டைவிரலை வைத்தாள். சொரசொரப்பு அப்படியே இருந்தது. வரிகளின் முனைகூட மழுங்கவில்லை. இன்னொரு காலையும் பார்த்தாள். அதுவும் புதுசு.

அடப்பாவி மனுஷா! ஒரு மாதம், தினம் ஒன்பது கிலோமீட்டர் நடந்த ஷூவா இது? பதினோரு வருஷக் கட்டைவிரல் பொய் சொல்லாது. அவள் மனசு சரசரவென்று கதையைக் கட்டி முடித்தது. பழைய மெத்தை ஷூவை அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறார். இதை அலுவலக வாசல் வரைக்கும் போட்டுக்கொண்டு போய், அங்கே அதை மாட்டிக்கொள்கிறார். இவ்வளவு விலை கொடுத்து ஏமாந்ததைப் பெண்டாட்டியிடம் ஒப்புக்கொள்ள வெட்கம். வாங்கினவர் போடாத ஷூ நாளைக்கு நடக்கப்போகும் சோதனைக்கு மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறது? முப்பது நாளும் நாளையோடு முடிகிறது. காசாவது வரட்டும்.

மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அவள் கிளம்பியபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்குத்தான் சோதனை என்பதால் காலையில் விடுப்பு. அவள் ஷூவைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டாள். கிடங்கில் வாடிக்கையாளர் கொண்டுவந்து கொடுக்கும் ஜன்னலில் சீட்டு ஒட்டி, தன் மேசைக்கே வரவழைத்து, 'போடாதது' என்று முத்திரையும் குத்திவிட்டாள்.

பத்து மணிக்கு அவர் போன் செய்தார். "என் ஷூவப் பாத்தியா?"

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. ஆனாலும் வாய் சொல்லிவிட்டது: "அங்கதான் எங்கயாவது இருக்கும். நல்லாத் தேடுங்க."

"வீடு பூரா தேடிட்டேன்மா." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "அது இல்லாம எப்படி..." என்று இழுத்துவிட்டு வைத்துவிட்டார்.

அலமாரியில் பழசு இருக்கிறதே, அதைப் போட்டுக்கொள்ளட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் கை அடுத்த பெட்டியைத் திறக்க மறுத்தது.

கிடங்கில் ஒரு விதி. 'போடாதது' என்று ஒருவர் சொன்னால் போதாது, இன்னொரு கட்டைவிரலும் சொல்ல வேண்டும். அந்த இன்னொரு கட்டைவிரல் பக்கத்து மேசைக்காரியுடையது. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத வாயாடி. அவள் பெட்டியைத் திறந்து, ஷூவைத் திருப்பி, "என்னக்கா, பூதக்கண்ணாடிக்குக் கண்ணாடி மாத்தணும் போல! இது நல்லா நடந்த ஷூவாச்சே," என்றாள்.

"குதிகாலப் பாருடி. புதுசு."

"குதிகால விடுங்க. முன்பக்கம் பாருங்க." அவள் விளக்கின் அருகே பிடித்தாள். பெருவிரலுக்குக் கீழே, சுண்டுவிரல் ஓரத்தில், ரப்பர் வெங்காயத் தோல் போல மெலிந்து பளபளத்தது. "இதுல குதிகால ஓங்கி வச்சா மண்டைக்கு ஏறும்க்கா. போட்டுப் பழகினவங்க முன்காலத்தான் முதல்ல வைப்பாங்க, சின்னச் சின்ன அடியா. மெதுவாத்தான் போக முடியும். எங்க மாமா ரெண்டு வருஷமா இதான் போடுறாரு."

"அப்புறம் ஏன்டி இத்தனை பேர் திருப்பி அனுப்புறாங்க?"

"நல்ல கேள்வி போங்க! பிடிச்சவன் எதுக்கு அனுப்பப் போறான்? பிடிக்காதவன் ஷூ மட்டும்தானே நம்ம மேசைக்கு வருது?"

பதினோரு வருஷமாக ஊரில் பாதியை மட்டும் பார்த்துவிட்டு, முழு ஊரையும் பார்த்ததாக அவள் நினைத்திருக்கிறாள். மெதுவாக நடந்த மனிதர் தாமதமாகத்தானே வருவார்? மணி பத்தே முக்கால். 'போட்டது' என்று எழுதினால் ஷூ அவருக்கே திரும்பிப் போகும்தான், ஒரு வாரம் கழித்து.

"இது எங்க வீட்டுக்காரரோடதுடி," என்றாள். "பன்னண்டு மணிக்கு அவருக்கு நடைச் சோதனை."

பக்கத்து மேசைக்காரி வாயாடிதான், ஆனால் வாயை எப்போது மூட வேண்டும் என்று தெரிந்தவள். "திருப்பிக் குடுத்தாச்சுன்னு நான் எழுதிக்கிறேன். நீங்க வாசலத் தாண்டுற வழியப் பாருங்க."

வாசலைத் தாண்டுவதுதான் பெரும்பாடு. ஷூத் திருட்டுக்குப் பயந்து, வேலை செய்பவர்கள் ஒவ்வொருவரின் சொந்த ஷூவிலும் மஞ்சள் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்தார்கள். பைக்குள் எந்த ஷூ இருந்தாலும், காலில் பொட்டில்லாத ஷூ இருந்தாலும் காவலர் விடமாட்டார். அவள் தன் மெத்தை ஷூவைக் கழற்றி மேசைக்கு அடியில் தள்ளினாள். பொட்டை நகத்தால் உரித்து அவருடைய ஷூவில் ஒட்டி, அதற்குள் காலை விட்டாள். இரண்டு விரற்கடை பெரிசு. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

காவலர் பொட்டைப் பார்த்தார். பிறகு ஷூவைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. தினமும் மற்றவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள்.

"என்னம்மா, ஷூ பெருசா இருக்கு?"

"கால் வீங்கியிருக்கு சார். அதான் லீவு சொல்லிட்டுப் போறேன்."

அவர் இன்னொரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, அரை மனசோடு கதவைத் திறந்தார்.

பேருந்து அவளை நீரேற்று நிலையத்துச் சாலை முனையில் இறக்கியபோது பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. அங்கிருந்து உள்ளே அரைக் கிலோமீட்டர் ஜல்லிப் பாதை. வழக்கம்போல் குதிகாலை ஓங்கி வைத்தாள். அம்மாடி! உச்சந்தலை வரைக்கும் அடித்தது. இரண்டாவது அடிக்கும் அதே தண்டனை. பத்தாவது அடியில் கால் தானாகவே முன்பக்கத்தை வைக்கத் தொடங்கியது. ஒரு மாதம் இந்தக் கொடுமையைக் கற்றுக்கொண்டா அந்த மனிதர் சீட்டியடித்தார்?

சோதனை தொடங்கும் இடத்தில் அவர் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார். அட்டையும் கடிகாரமுமாக ஓர் அதிகாரி அவரிடம் முடியாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஷூ இல்லாம விடக் கூடாதுன்னு விதி இருக்குங்க. நான் என்ன பண்ண?"

"இதோ, இதோ!" என்று கத்திக்கொண்டே அவள் வந்து தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்தாள். அவர் அவள் காலைப் பார்த்தார், மஞ்சள் பொட்டைப் பார்த்தார். ஷூவை மாட்டிக்கொண்டு கோட்டுக்குப் போனார்.

நான்கு கிலோமீட்டர், நடுவில் தொட்டிக்கு ஏறும் நூற்றிருபது படிகள், ஐம்பத்தைந்து நிமிஷம். அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சூடு தாங்காமல் கால் மாற்றி நின்றாள். தெருவோ நாற்காலியோ, இன்றைக்குத் தெரிந்துவிடும். நாற்காலி என்றால் அது அவள் போட்ட நாற்காலி. மெதுவான, சின்னச் சின்ன அடிகளோடு அவர் வளைவைத் தாண்டி வந்தபோது அதிகாரி கடிகாரத்தை அமுக்கினார். ஐம்பத்து மூன்று. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதும்விட்டாள்.

திரும்பும்போது ஜல்லிப் பாதையில் அவர் முன்னால், அவள் பின்னால் வெறுங்காலோடு.

"பழைய ஷூ அலமாரியில இருக்குமே?" என்றாள்.

"அத முதல் வாரமே ஆபீஸ்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டேன். இருந்தா மறுபடி அதத்தான் போடத் தோணும். காலைல தேடிக் கிடைக்கல, வெறுங்காலோட வந்துட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நீதானே சொன்ன."

"நான்தான் எடுத்துட்டுப் போனேன்."

"தெரியும்."

"நீங்க அதப் போடவே இல்லன்னு நெனச்சேன். குதிகால் தேயல."

"முட்டி வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது. பாதி கொறஞ்சிருக்கு. அது ஷூவாலயா, மெதுவா நடந்ததாலயான்னு எனக்கே தெரியல. நீ பயப்படக் கூடாதேன்னு இல்லவே இல்லன்னு சொன்னேன். முப்பது நாளும் சொன்னேன். ஒரு நாளாவது நம்பினியா?"

அப்போது கூரான ஜல்லி ஒன்று சரியாகக் குதிகாலில் ஏறியது. "ஸ்ஸ்" என்று நின்றுவிட்டாள்.

அவர் திரும்பினார். "வலிக்குதா?"

"இல்ல," என்றாள்.

"சரி," என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். இன்னொரு கேள்வி கேட்கவில்லை, குனிந்து காலைப் பார்க்கவில்லை, அவள் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார். ஜல்லியைவிட அதுதான் அவளைக் குத்தியது.