காயப்போட்ட சூரியகாந்தி

பாத்தியோரம் நின்றவர்கள் மூன்று பேர்: ஆராய்ச்சி மாணவி, அவளுடைய பேராசிரியர், பம்பு பார்த்துக்கொள்ளும் தாய்மாமன். சூரியகாந்திகளையும் சேர்த்தால் பெரிய கூட்டம். அத்தனையும் ஒரே உயரத்தில் தலையாட்டின. அப்படி ஆடியிருக்கக் கூடாது.

எப்போது விதைத்தால் நல்லது என்று பார்க்க, முன்பட்டம், பின்பட்டம் என்று சில வாரம் தள்ளி இரண்டு தடவை விதைத்திருந்தாள். முன்பட்டத்தில் விதைத்த பாத்திகளில் பாதிக்குப் பூக்கும் சமயத்தில் தண்ணீர் கிடையாது. சிலவற்றுக்கு உரமும் கிடையாது. எதைக் குறைத்தால் விதையில் எண்ணெய் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கத்தான் காயப்போட்டிருந்தாள். போன போகத்தை மழை கொண்டுபோனது. இதுவும் போனால் படிப்புக்கு முழுக்கு.

பேராசிரியர் ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினார். உருண்டை பிடித்தது.

"இதுக்குப் பேர் காய்ஞ்ச பாத்தியா?"

அவள் மாமனைப் பார்த்தாள். மாமனுக்கு முகமெல்லாம் பல்.

"நான்தான் பாப்பா விட்டேன். சாயங்காலமானா தலையத் தொங்கப்போட்டு நிக்குதுங்க. பாக்கச் சகிக்கல. யூரியாவும் மிஞ்சிக் கிடந்துச்சு, ஆளுக்கு ஒரு கை போட்டேன்."

"யாரு மாமா போடச் சொன்னது?"

"சொன்னாத்தான் செய்யணுமா? செடி நல்லா வந்தா உனக்குத்தானே பேரு?"

"செத்திருந்தாத்தான் மாமா எனக்குப் பேரு!"

"என்ன படிப்பு சார் இது?" என்று மாமன் பேராசிரியரிடம் நியாயம் கேட்டார்.

பேராசிரியர் கையை உதறினார். "முன்பட்டம் மொத்தமும் போச்சு. எப்ப விதைக்கணும்ங்கற கேள்விய மறந்துடு. பின்பட்டம் இன்னும் மொட்டு விடல. தண்ணி, உரம் ரெண்டை மட்டும் வெச்சு ஒப்பேத்து. அதுலயும் ஈரத்தப் பார்த்தேன், கிளம்பிடு."

அந்தக் கேள்விக்காகத்தான் அவள் இந்தப் படிப்புக்கே வந்தாள். அவர் போய்விட்டார்.

மாமனைத் திட்டவும் முடியவில்லை. கெஞ்சிக் கூத்தாடி அவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் அவளேதான்.

"மாமா, பின்பட்டத்துல நான் சொல்ற பாத்திக்குத் தண்ணி விட மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

மாமன் பின்பட்டப் பாத்திகள் பக்கம் பார்த்தார். ஓர இலைகள் துவள ஆரம்பித்திருந்தன.

"வேர் நனையற அளவுக்கு? ஒரே ஒரு வாளி?"

அவள் பம்பு அறைக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

"சாவியக் குடுங்க. இனிமே தண்ணிய நானே விட்டுக்கறேன்."

"அப்ப நான் என்னத்தப் பண்றது?"

"களை எடுங்க."

"பிடுங்கலாம், ஊத்தக் கூடாது. நல்லா இருக்கு நியாயம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து சாவியை நீட்டினார். அவள் அவருக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.