அரைவேக்காட்டுக் கை

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் தங்கை போக்கர் போட்டியில் தோற்ற மறுநாள் சித்தப்பா போன் செய்து, “பாவம், அதிர்ஷ்டம் இல்லாத பொண்ணு” என்றார். போனை வைத்த கையோடு பேனாவை எடுத்தேன்.

தங்கை லிப்ட் மெக்கானிக். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஆடுகிறாள்.

2.

முதல் தொடக்கம்: “நடுங்கும் விரல்களால் அவள் தன் இரண்டு சீட்டுகளையும் மெல்லத் தூக்கி—”

(அடித்துவிட்டேன். பதினாறு மாடிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போல்ட் முடுக்கும் விரல்கள் அவை. நடுங்காது.)

இரண்டாம் தொடக்கம்: “வாழ்க்கை ஒரு சீட்டாட்டம்.”

(இதை எழுதியவன் நான்தான். மன்னித்துவிடுங்கள்.)

மூன்றாவது: மேஜை நாற்காலி விற்கும் கடையின் மாடியில் ஒரு நீளமான கூடம். ஞாயிறு மதியம். அறுபத்து நான்கு பேர். முதலில் வருகிறவருக்கு மட்டும் வருடக் கடைசியில் நடக்கும் பெரிய போட்டியில் இடம். இரண்டாவதாக வந்தாலும் கைகுலுக்கல்தான்.

இது போதும். இப்படியே போகலாம்.

3.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக. நடுவில் ஐந்து சீட்டு பொதுவாக. முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. ஒரே சின்னத்தில் ஐந்து சேர்ந்தால் நல்ல கை. அடுத்தடுத்த எண்ணாக ஐந்து வரிசையாய்ச் சேர்ந்தாலும் நல்ல கைதான். நாலு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருந்தால் அது அரைவேக்காட்டுக் கை. வெந்தால் விருந்து, வேகாவிட்டால் பட்டினி. அப்படிப்பட்ட கையைத் துரத்துவதா, விடுவதா? அவளுடைய மூன்று வருடமும் இந்த ஒரு கேள்வியில்தான் போனது.

பத்துப் பேர் மிஞ்சியிருந்தபோது அவளிடம் நாலு ஆர்ட்டின் சேர்ந்திருந்தது, ஏஸோடு. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். எதிரே இருந்த பல் டாக்டர் தன்னிடமிருந்த பந்தய வில்லைகளை, ஆறாயிரம் சிப்பையும், நடுவில் தள்ளினார். பக்கத்து ஆளும் தன் கடைசி ஆறாயிரத்தைப் போட்டார். நடுவில் பதினாலாயிரம். இவளும் ஆறாயிரம் போட வேண்டும், இல்லையென்றால் கையை விட வேண்டும்.

நான் அவளுக்குப் பின்னால், சீட்டு தெரியும்படி, பார்வையாளர் நாற்காலியில் இருந்தேன். போடு என்று மனதுக்குள் கத்தினேன். அவள் கொஞ்ச நேரம் சிப்புகளைப் பார்த்தாள். சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கடைசிச் சீட்டு: ஆர்ட்டின் நாலு.

என் பக்கத்திலிருந்தவர் ‘பயந்தாங்கொள்ளி’ என்று முனகினார். அவளுடைய அண்ணன் நான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. (கதையில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்ட, “நான் எழுந்து நின்று” என்று ஆரம்பித்தேன். நான் எழுந்திருக்கவே இல்லை.)

இடைவேளையில் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே, நான் கேட்காமலே சொன்னாள்: “அஞ்சுக்கு ஒரு தடவைதான் அது வரும். ஆறாயிரம் போட்டுப் பதினாலாயிரம் எடுக்கணும்னா மூணுக்கு ஒரு தடவையாவது வரணும்.”

“வந்துச்சே.”

“வரும். நூறு தடவை விட்டா இருபது தடவை வரத்தான் செய்யும்.”

4.

நாலு பேர் மிஞ்சினார்கள். நடுவில் திறந்த மூன்று சீட்டில் இரண்டு கிளாவர்: பத்தும் ஏழும். அவள் கையில் கிளாவர் ஒன்பதும் எட்டும். இன்னொரு கிளாவர் வந்தாலும் போதும். ஆறோ ஜாக்கியோ வந்து வரிசை சேர்ந்தாலும் போதும். ஆகப் பதினைந்து சீட்டு அவளுக்கு ஆகும். திறக்க இன்னும் இரண்டு. அதே பல் டாக்டர், இப்போது பெரிய குவியலோடு, அவளிடம் இருப்பது முழுவதையும் கேட்டார்.

முன்பு யோசித்த நேரத்தில் பாதிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் தள்ளினாள். வாய்ப்பு பாதிக்கு மேல் அவள் பக்கம்.

டாக்டரிடம் ராஜா ஜோடி. திறந்தது டைமன் மூன்று. பிறகு ஸ்பேடு ராணி.

அவ்வளவுதான். அவள் எழுந்து கை நீட்டினாள். டாக்டர் உட்கார்ந்தபடி கை கொடுக்காமல், எழுந்து நின்று கொடுத்தார்.

“உங்க இடத்துல நானா இருந்தாலும் போட்டிருப்பேன்” என்றார்.

“தெரியும்” என்றாள் என் தங்கை.

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதம்! தோற்றவள் குரல் இல்லை அது. பக்கத்து நாற்காலிக்காரரிடம் திரும்பி, “என் தங்கச்சி” என்றேன். தாமதம்தான். ஆனாலும் சொன்னேன்.

5.

முதல் பிரதியில் ஸ்பேடு ராணியைக் கிளாவர் ராணியாக மாற்றியிருந்தேன். ஒரு சின்னம் மாற்றினால் யாருக்கு என்ன நஷ்டம்? அந்தப் பிரதியில் கூடமே கைதட்டியது. சித்தப்பா வாயடைத்துப்போனார். அவளுக்கு அனுப்பினேன். வேலைக்கு நடுவே கூப்பிட்டாள். பின்னால் மோட்டார் இரைச்சல்.

“அண்ணா, அந்தச் சீட்டு வரலையே. ஏன் வர வச்சே?”

படிப்பவர்களுக்கு நிறைவாக இருக்குமே என்றேன்.

“வந்துட்டா, அதிர்ஷ்டம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வராததாலதான் நான் செஞ்சது சரியா தப்பான்னு யோசிப்பாங்க. ராணியைத் திருப்பி வை.”

வைத்துவிட்டேன். இருபது வருடமாக எழுதுகிறேன். என் கதையை இவ்வளவு சுருக்கமாக யாரும் திருத்தியதில்லை.

6.

முடிவுக்கு இரண்டு யோசனைகள் இருந்தன. சித்தப்பா ஒரு ஞாயிறு வந்து பார்த்து மனம் மாறுவது ஒன்று. (அவர் மாற மாட்டார்.) அடுத்த வருடம் அவள் ஜெயிப்பது இன்னொன்று. (எனக்கு எப்படித் தெரியும்?)

ஆகவே, நடந்ததைச் சொல்லி விலகிக்கொள்கிறேன். போன ஞாயிறு அதே கூடம். மறுபடி அரைவேக்காட்டுக் கை. இந்தத் தடவை வரிசைக்கு. ஒரே சீட்டு பாக்கி. ஆறுக்கு ஒரு தடவை வரும். நடுவில் பத்தாயிரம். எதிராளி தன் கடைசி ஆயிரத்தையும் அதில் போட்டுவிட்டார். அவளிடம் கேட்பது ஆயிரம்தான். பின்னாலிருந்து யாரோ, போன தடவை பட்டது போதாதா என்றார்கள். இந்தத் தடவை நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

அவள் என்ன செய்திருப்பாள், நீங்களே சொல்லுங்கள். கணக்கு உங்கள் முன்னால் இருக்கிறது.

எந்தச் சீட்டு வந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.