கண்ணாடியில் மூன்றாவது செடி

பெரியப்பாவின் ஸ்டிக்கர் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவளை வீட்டில் எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். கடை டிசைனர் உட்காரும் கம்ப்யூட்டர் நாற்காலிமேல் அவளுக்கு இரண்டு வருஷமாக ஒரு கண். அவன் வேலையை விட்டுப் போனானோ இல்லையோ, அந்த இடம் தனக்குத்தான் என்று பெரியப்பாவை நச்சரித்தே எடுத்துவிட்டாள்.

"சரி தாயே, உக்காரு! எதிர்த்த பல் கிளினிக்ல கண்ணாடிச் சுவர் இருக்கறதே தெரியாம ஜனங்க போய் இடிச்சுக்கறாங்களாம். கறுப்பு உருவமா ரெண்டு செடி போட்டு ஒட்டணும். அதுக்கப்புறமும் யாராவது இடிச்சாங்க, நீ மறுபடி பில்லுதான்."

பட்டாசுக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் ஒரு தண்டை வளைத்தாள். ஒரே ஒரு இலை வரைந்து உள்ளே கறுப்பை ஊற்றினாள். அந்த இலையை நகலெடுத்து, திருப்பி, தண்டில் ஒட்டி, மறுபடி நகலெடுத்து... அடேயப்பா, பத்தே நிமிஷத்தில் செடி! அதையே புரட்டிப் போட்டால் இரண்டாவது செடி. இந்த வேலைக்கா அந்த மனுஷன் அவ்வளவு அலட்டிக்கொண்டான்?

மறுநாள் காலை ஒட்டி முடித்து, கிளினிக் உள்ளே நின்று அவளும் பெரியப்பாவும் ரசித்தார்கள். கன்னம் வீங்கிய ஒருவர் வந்தார். பக்கத்திலிருந்த கதவை விட்டுவிட்டு இரண்டு செடிக்கும் நடுவே விறுவிறுவென்று நடந்தார். டம்! "ஐயோ, என்னங்க!" என்று பின்னாலேயே ஓடிவந்த மனைவியும் டம்!

"கண்ணு எங்க இருக்கு இவங்களுக்கு?" என்று பெரியப்பா வெளியே போய்ப் பார்த்தார். பட்டாசைத் திட்டுவதற்காக வேகமாக உள்ளே திரும்பினார். டம்!

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம்தான் உறைத்தது. ஒன்றையொன்று பார்த்து வளைந்த செடிகள் நடுவில் வாசல் வைத்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன!

கடைக்கு ஒரே ஓட்டம். இந்த முறை நகலும் இல்லை, புரட்டலும் இல்லை. அவசரத்தில் மவுஸ் போன போக்கில் தண்டு கோணிக்கொண்டது. ஓர் இலை முறம் மாதிரி, இன்னொன்று நகம் மாதிரி. போகட்டும் என்று கறுப்பை ஊற்றி, வெட்டும் மெஷினில் கொடுத்து, சுருட்டிக்கொண்டு ஓடிவந்து நட்டநடுவில் ஒட்டினாள்.

கையை எடுக்கவில்லை, அதற்குள் போனைக் காதில் வைத்தபடி கிளினிக் டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார், நேராகக் கண்ணாடியைப் பார்த்து. கன்னம் வீங்கியவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டரம்மாவும் இடித்தால் பட்டாசுக்கு ஆயுசுக்கும் பில்லுதான்.

ஒரு சாண் தூரத்தில் டாக்டரம்மா நின்றார். குனிந்து செடியைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே கதவு வழியாக உள்ளே வந்தார்.

"மத்த ரெண்டும் எல்லா இடத்துலயும் பாக்கறதுதான். நடுவுல கோணலா நிக்குதே, அது ரொம்ப அழகு! யாரு போட்டது?"

பெரியப்பா மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். மூக்கு தக்காளியாகச் சிவந்திருந்தது. பட்டாசை ஒரு முறை முறைத்தார்.

"எங்க டிசைனர்தாங்க," என்றார்.

அவள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில், பல்வலிக்காரர்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.