மீசை வைத்த சூரியன்

டாக்டர்களுக்கான தொடர்கல்விக் கருத்தரங்கு என்றதும், பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாடம் கேட்பார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். உள்ளே நடக்கிற கதை வேறு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டாக்டர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க முப்பது புள்ளி வேண்டும். கழுத்தில் தொங்கும் அட்டையை ஒவ்வொரு அமர்வுக்கும் வாசலில் நிற்கும் பெண்ணிடம் நீட்டினால், அவள் கையிலிருக்கும் கருவி 'கீக்' என்று ஒருமுறை கத்தும். அந்தக் கத்தலுக்குத்தான் புள்ளி. பாடத்தைக் கேட்டதற்கு அல்ல.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. எனவே டாக்டர்கள் இரண்டு பேர், மூன்று பேராகக் கூட்டுச் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் எல்லோருடைய அட்டையையும் வாங்கிக்கொண்டு போய்க் கத்தவைப்பார். மற்றவர்கள் துணிக்கடைக்கோ தூக்கத்துக்கோ போவார்கள். அடுத்த அமர்வுக்கு ஆள் மாறும். வாசலில் நிற்கும் பெண் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாள். அவளுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும்.

சூரிய டாக்டருக்கும் குழந்தை டாக்டருக்கும் இப்படிப் பல வருடக் கூட்டு. குழந்தை டாக்டர் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர், அதனால் அந்தப் பெயர். சூரிய டாக்டர் பொது வைத்தியர். எழுதப் படிக்கத் தெரியாத நோயாளிகளுக்காக மருந்துச் சீட்டில் காலை மாத்திரைக்கு ஒரு சூரியனும் இரவு மாத்திரைக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பார். ஒரு நாள் ஊசிக்குப் பயந்து அழுத பிள்ளையைச் சிரிக்கவைக்கச் சூரியனுக்கு மீசை வைத்தார். அந்த மீசை அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்தத் தெருவே அவரைச் சூரிய டாக்டர் என்று கூப்பிட, அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமை.

அன்றைக்கு மட்டும் அவர் தம் அட்டையை யாரிடமும் கொடுக்கவில்லை. தாமே கத்தவைத்து, தாமே உள்ளே போய், இரண்டாவது வரிசையில் நட்டநடுவில் உட்கார்ந்தார். பதினொரு மணி அமர்வில் பேசப்போவது அவருடைய மாப்பிள்ளை. நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இதய டாக்டர். மகளைக் கட்டிக்கொடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மாமனாரின் கிளினிக்குக்குள் மாப்பிள்ளை இன்னும் ஒருமுறைகூடக் காலெடுத்து வைத்ததில்லை. சூரிய டாக்டர் என்ற அந்தத் தெருப் பெயரும் அவர் காதுக்கு எட்டியதில்லை. ஆனால் விருந்துக்கு வரும்போதெல்லாம், "முப்பது வருஷம் ஒரே தெருவுல வைத்தியம் பாக்குறது சாதாரண விஷயம் இல்ல மாமா" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சூரிய டாக்டர் அவருக்கு உயிரையும் கொடுப்பார்.

"நம்ம மாப்பிள்ளைதான்" என்று முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் திரும்பித் திரும்பிச் சொல்லி முடித்தார். பக்கத்தில் குழந்தை டாக்டர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நட்புக்காக வந்த ஆள்.

மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். பெண்களுக்கு வரும் மாரடைப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சினிமாவில் வருவதுபோல் வராது என்றார். பிறகு ஒரு கேஸைத் திரையில் போட்டார். ஐம்பத்திரண்டு வயதுப் பெண். மேல்வயிற்றில் எரிச்சல், அசதி, வியர்வை. வேலை செய்தால் தாடையில் வலி, நிறுத்தினால் வலி நின்றுவிடும். பத்து நாளில் மூன்று முறை ஒரே டாக்டரிடம் போயிருக்கிறார். "அந்த டாக்டர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்?" என்று அரங்கைப் பார்த்துக் கேட்டுவிட்டு நின்றார்.

அரங்கில் இருந்த இருநூறு பேரில் பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் பிஸ்கட் எப்போது வரும் என்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மேடையில் அசட்டுச் சிரிப்போடு நிற்பதைச் சூரிய டாக்டரால் பார்க்கச் சகிக்கவில்லை. கையைத் தூக்கினார். மைக் வந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணீரென்று. "உழைச்சா வலி, நின்னா வலி இல்லன்னா, உடனே ஈசிஜி எடுக்கணும். எடுக்காம அனுப்புறவன் டாக்டர் இல்ல. மருந்துக்கடை வச்சிருக்கான்னு அர்த்தம்."

அரங்கு விழித்துக்கொண்டது. சிரித்தார்கள், கைதட்டினார்கள். "நன்றி சார்" என்றார் மாப்பிள்ளை. சபையில் 'மாமா' என்று சொல்லாத அந்த நாகரிகமும் சூரிய டாக்டருக்குப் பிடித்திருந்தது. காலரைச் சரிசெய்துகொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

அடுத்த படம் திரையில் வந்தது. மருந்துச் சீட்டு. மேல்பகுதி கிழிந்திருந்தது, டாக்டர் பெயர் இல்லை. நெஞ்செரிச்சலுக்கான மாத்திரை, வாயுவுக்கு ஒரு திரவம். மாத்திரைக்குப் பக்கத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குப் பெரிதாக, மீசை வைத்த ஒரு சூரியன்.

"மூணு தடவையும் இதே சீட்டுதான்" என்றார் மாப்பிள்ளை. "படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா மீசை வரைஞ்ச நேரத்துக்கு ஒரு ஈசிஜி எடுத்திருக்கலாம். சார் சொன்ன மாதிரி."

அரங்கு குலுங்கியது. சூரிய டாக்டரும் சிரித்தார். சும்மா உதட்டளவில் அல்ல, தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். நடந்ததில் எதை மன்னித்தாலும் அந்தச் சிரிப்பை மட்டும் அவரால் பிறகு மன்னிக்கவே முடியவில்லை. பக்கத்தில் குழந்தை டாக்டரின் சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒருமுறை இவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தம் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்காரம்மா.

கிளினிக்குக்கு எதிர்ச்சாரியில் ஒற்றை மிஷின் போட்டுத் தைப்பவர். பதினெட்டு வருடப் பழக்கம். இவர் மகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்ததிலிருந்து, இவருடைய கால்சட்டைக்கு இடுப்பு பெருக்கப் பெருக்கத் தையல் பிரித்து விட்டதுவரை எல்லாம் அந்தக் கைதான். இரண்டு மாதமாகக் கடை பூட்டிக் கிடந்தது. வேறு டாக்டரிடம் போய்விட்டார், பிறகு வேறு இடத்துக்கே போய்விட்டார் என்று இவர் நினைத்துக்கொண்டார். சொல்லாமல் போய்விட்டாரே என்று கொஞ்சம் மனத்தாங்கல்கூட வைத்திருந்தார். எதிர்ச்சாரிக்குப் போய் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. மிஷின் மிதித்தால் தாடை வலிக்கிறது என்று அந்தம்மா சொன்னபோது, "பேச்சைக் குறைங்க, தாடை தானா சரியாயிடும்" என்று இவர் ஜோக் அடித்திருந்தார். காத்திருந்த நோயாளிகள் சிரித்தார்கள். அந்தம்மாவும் சிரித்தார். ஈசிஜி கருவி கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. காகிதம் தீர்ந்துபோய், துணி போட்டு மூடி, மேலே பேனா டப்பாவை வைத்திருந்தார். விடை அவருக்குத் தெரியாமல் இல்லை. சற்று முன் இருநூறு பேர் முன்னால் மைக் பிடித்துச் சொன்னாரே. திரையில் வந்தபோது அது மாரடைப்பாகத் தெரிந்தது. நாற்காலியில் வந்து உட்கார்ந்தபோது வாய் ஓயாத தையல்காரம்மாவாகத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை முடிக்கப் போகிறார் என்று தெரிந்து சற்று மூச்சு விட்டார். ஆனால் கடைசிப் படம் ஒன்று பாக்கி இருந்தது.

"நான் சொன்னது எதுவும் புதுசு இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நம்ம டாக்டர் சங்கமே இதே ஹால்ல இதைப் பத்தி ரெண்டு மணி நேர அமர்வு நடத்தியிருக்கு. முன்னூத்திப் பன்னிரண்டு பேர் சான்றிதழ் வாங்கியிருக்காங்க. அதுல ஒருத்தர்கிட்ட இந்தம்மா போயிருந்தா அவங்க இதயம் பாதி செத்திருக்காது."

அந்த முன்னூற்றுப் பன்னிரண்டில் ஒரு சான்றிதழ் சூரிய டாக்டரின் கிளினிக்கில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. நோயாளி உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே. தையல்காரம்மா மூன்று முறையும் அதன் கீழேதான் உட்கார்ந்தார். அந்த இரண்டு மணி நேரமும் இவர் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கினார். அட்டையைக் கத்தவைத்தது குழந்தை டாக்டர்.

கைதட்டல் முடிந்து எல்லோரும் காபிக்கு எழுந்தார்கள். குழந்தை டாக்டர் அவரை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சீட்டுல பேர் இல்ல. விட்டுடு. யாருக்கும் தெரியாது."

"உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சா என்ன? நானும் உன் கட்சிதானே" என்றார் குழந்தை டாக்டர். சொல்லிவிட்டு அவருக்கே அந்த வார்த்தை கசந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கிற சாக்கில் நகர்ந்துவிட்டார்.

சூரிய டாக்டருக்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும் போலிருந்தது. மகளின் நினைப்பு வந்தது. அப்பா என்றால் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அதையே மாப்பிள்ளை மனத்திலும் ஏற்றி வைத்திருக்கிறாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த மரியாதை அப்படியே இருக்கும். பேர் இல்லாத சீட்டுக்கு யாரும் சொந்தம் கொண்டாடச் சொல்லவில்லை. அவர் இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையிலும் காபி.

"மாமா, நீங்க கை தூக்கலன்னா இன்னைக்கு என் மானம் போயிருக்கும்" என்று ஒன்றை நீட்டினார்.

சூரிய டாக்டர் கோப்பையை வாங்கிக்கொண்டார். என்ன பேசுவதென்று தெரியாமல், சீட்டில் டாக்டர் பெயரை மறைத்தது நல்ல காரியம் என்றார். சொல்லும்போதே குரல் இறங்கிப்போயிற்று.

"நாங்க மறைக்கல மாமா. அந்தம்மாவேதான் கிழிச்சாங்க." மாப்பிள்ளை ஒரு வாய் காபி குடித்துவிட்டுச் சொன்னார். "யாரும்மா பாத்தாங்கன்னு எத்தனையோ தடவை கேட்டேன். வாயே திறக்கல. சீட்டையாவது காட்டுங்கன்னேன். மறுநாள் மேல கிழிச்சுட்டுக் கொண்டு வந்தாங்க. அவர் நல்லவருங்க, பதினெட்டு வருஷமா பாக்குறாரு, அவர் பேரு கெடக்கூடாதுங்கன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, நான்தான் சரியாச் சொல்லலையோ என்னமோன்னாங்க."

சூரிய டாக்டர் கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்கிறது என்று அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அது எங்கிருந்து பிடுங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெயரைக் கிழித்த அந்தக் கையை நினைத்துக்கொண்டார். பாதி இதயத்தை வைத்துக்கொண்டு இவருடைய பெயரைக் காப்பாற்றியிருக்கிறது. இவரோ முழு இதயத்தை வைத்துக்கொண்டு அதே பெயரைத் தூணுக்குப் பின்னால் ஒளித்துவைக்கப் பார்த்தார்.

எல்லோருக்கும் கொடுத்த கருத்துப் படிவம் சட்டைப்பையில் மடங்கிக் கிடந்தது. அதைக் கொடுத்தால்தான் சான்றிதழ் தருவார்கள். வழக்கமாக 'மிகவும் பயனுள்ளது' என்று கிறுக்கிவிட்டுப் போவார். அதை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துப் பிரித்தார். பேனாவைத் திறந்தார். ஒரு வட்டம் போட்டார். சுற்றிலும் கோடுகள் இழுத்தார். இரண்டு கண், ஒரு சிரிப்பு. மீசைக்கு வந்தபோது பேனா நின்றது. பிறகு அதையும் போட்டு, படிவத்தை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"மாமா" என்றார் கடைசியில்.

"அந்தம்மா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வர்றாங்க?"

"செவ்வாய்க்கிழமை."

"நானும் வரேன், மாப்பிள்ளை. தாடை வலிக்குதுன்னு சொன்னாங்க. மிஷின் மிதிச்சா வலிக்குது, நிறுத்தினா நின்னுடுதுன்னு சொன்னாங்க. நான்தான் கேக்கல." குரல் உயர்ந்தது. பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. "நீங்க சரியாத்தான் சொன்னீங்கம்மான்னு அவங்ககிட்ட சொல்லணும்."