ஓநாய்க் குகைத் தாடை

"நாப்பதாயிரம் வருஷமா ரெண்டா கெடந்தவன ஒரே மத்தியானத்துல ஒருத்தனா ஆக்கினவன் நான். அப்போ 'டக்'னு ஒரு சத்தம் வந்துச்சு பாரு, பிளாட்பாரத்துல கெளம்பின ரயிலு பயந்து நின்னுபோச்சு. டிரைவர் எறங்கி வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டான்."

"வாய மூடுங்கப்பா, வெட்டிரும்," என்றாள் யசென்கா.

சவர நுரைக்குள்ளிருந்து வத்ரோஸ்லாவ் கண்ணை மட்டும் சிமிட்டினார். இரண்டு வாரமாகப் படுக்கை. சூப்புகூட இறங்கவில்லை. ஆனால் அன்று காலை எழுந்ததும் முதல் கட்டளை, தாடியை எடுக்க வேண்டும் என்பதுதான்.

"மோவாய் தெரியணும் புள்ள. இல்லன்னா என்னையும் நியாண்டர்தால்னு எழுதி டிராயர்ல போட்டுருவானுங்க."

நமக்கு முன்னால் வாழ்ந்து அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களுக்கு மோவாய் கிடையாது, நமக்கு உண்டு. அந்த வீட்டில் குழந்தைகள் நடக்கப் பழகுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொண்டுவிடுவார்கள். அவரும் ஆயுள் முழுக்க அந்த எலும்புகளோடுதான் குடித்தனம் நடத்தினார். ஊருக்கு மேலே இருக்கும் ஓநாய்க் குகையில் அவர் கைபடாத எலும்பு ஒன்றிரண்டு இருக்கலாம், நாக்குப் படாதது ஒன்றுகூட இல்லை. கல்லா எலும்பா என்று சந்தேகம் வந்தால், பழைய எலும்புகளைத் தோண்டி ஆராயும் அந்தத் தொழிலில் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார்கள். கல் நழுவும், எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஒரு கோடையில் குகைக்கரடியின் தொடை எலும்பு ஒன்று நாக்கில் ஒட்டியது ஒட்டியபடியே மதியச் சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தார், அதோடேயே இரண்டு கிண்ணம் பீன்ஸ் சூப்பும் குடித்தார் என்று ஊரில் சத்தியம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அவருடைய பெரிய கதை தாடைக் கதைதான்.

ஓநாய்க் குகையில் அவர் கண்டெடுத்தது தாடையின் இடது பாதி. தடித்தது, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் விரல் நுழையும் இடைவெளி உள்ளது. நியாண்டர்தால், அதில் யாருக்கும் சண்டை இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே, ஆஸ்திரியப் பேரரசர் காலத்தில், அதே குகையில் தோண்டியவர்கள் ஒரு வலது பாதியை வியன்னாவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதில் அழகான மோவாய். நம்மைப் போன்ற மனிதன், அதிலும் சண்டை இல்லை. இரண்டும் ஒரே தாடை என்று வத்ரோஸ்லாவ் சொன்னபோதுதான் சண்டை வந்தது. அப்படியென்றால் அது அப்பன் ஓர் இனம், ஆத்தாள் ஓர் இனம் என்று பிறந்த பிள்ளை. அந்தக் காலத்தில் அதைச் சொன்னவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

பிளாஸ்டர் அச்செடுத்துப் பொருத்திக் காட்டினார். அச்சு காய்ந்தால் சுருங்கும், சரியாக உட்காரவில்லை. அசல் எலும்பை எந்த அருங்காட்சியகமும் வெளியே விடாது. பிறகு வியன்னாவில் வயது பார்க்க ஒரு துணுக்கு வெட்டியபோது, வெட்டியவன் சரியாக அந்த ஒடிந்த விளிம்பிலிருந்தே வெட்டித் தொலைத்தான். எலும்பு முழுக்க இருக்க, இரண்டு பாதியும் சேரும் இடத்தில்தான் அவன் கத்தி போனது. அதோடு இனி உலகத்தில் யாரும் பொருத்திப் பார்க்க முடியாது என்றாயிற்று.

"ஆனா நான் அதுக்கு முன்னாடியே பொருத்திட்டேன்," என்பார் வத்ரோஸ்லாவ். எல்லை ஓரத்து ரயில் நிலையச் சாப்பாட்டுக் கடையில், அவர் தன் பாதியை டிபன் டப்பாவில் கொண்டுபோனாராம். வியன்னா அருங்காட்சியகத்திலிருந்து ஹெட்விக் என்பவள் தன் பாதியைக் கைப்பையில் கொண்டுவந்தாளாம். டக். ரயில் நின்றது.

அதை நம்பாதவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள். நம்பவில்லை என்று எழுதியே வைத்தவர் ஒருவர்தான். அந்த வலது பாதிக்குப் பொறுப்பாளரான அதே ஹெட்விக். 'அவை இரு வேறு மனிதர்களுடையவை' என்று அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு வத்ரோஸ்லாவை மாநாடுகளில் தமாஷுக்காகத்தான் கூப்பிட்டார்கள். வருஷம் தவறாமல் ஹெட்விக்கிடமிருந்து புத்தாண்டு அட்டையும் வரும். 'நலமா? அவர்கள் இரண்டு பேர்தான். ஹெட்விக்.' வத்ரோஸ்லாவ் அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துவிட்டு, மனைவி உயிரோடு இருந்தவரை அவளிடம் கண்ணடித்துவிட்டு, அவள் போன பிறகு கண்ணடிக்காமல், பதில் எழுதுவார். 'நலம். ஒருத்தன்தான்.'

யசென்கா கத்தியைத் துடைத்தாள். இடது கன்னம் முடிந்திருந்தது.

"அப்பா. என்கிட்டயாவது நெசத்தச் சொல்லுங்க. அந்த அம்மா வந்தாங்களா?"

"நீ நம்புறியா?"

"நம்புறேன்."

அவர் நாக்கு நுனியை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டார். "ஒட்டல புள்ள. கல்லு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பின்ன யாரத்தான் கேக்குறது?"

"ஹெட்விக்கக் கேளு."

"அவங்கதானே நாப்பது வருஷமா இல்லன்னு சொல்றாங்க!"

"அதான் சொல்றேன். அவளக் கேளு."

தண்ணீர் ஆறிவிட்டது. வெந்நீர் கொண்டுவர அவள் அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது. கண் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. யசென்கா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நுரையை மறுபடி குழைத்து, வலது கன்னத்தையும் முடித்தாள். ஒரு கீறல் விழவில்லை.

*

அடக்கத்துக்கு வந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சாமந்திப் பூ மலையாய்க் குவிந்ததில் பாதிரியாரைத் தேடித்தான் கண்டுபிடித்தார்கள். பக்கத்து மூன்று ஊர்களில் மெழுகுவர்த்தி தீர்ந்துபோனது. அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநர் கறுப்புக் கோட்டில் வந்து குழிக்கருகே நின்று பேசினார்.

"நம் எல்லோர் அன்புக்கும் உரிய கதைசொல்லி..."

அந்தச் சொல்லைக் கேட்டதும் யசென்காவின் கையிலிருந்த மண் விரல் இடுக்கில் உதிர்ந்தது. இயக்குநர் நல்ல மனுஷர், மனசு நிறைந்துதான் சொன்னார். கூட்டம் ஈரக் கண்ணோடு புன்னகைத்தது. அப்பாவைக் கதைசொல்லி என்று சொல்லிப் புதைக்கிறார்கள் என்று அவள் நினைத்தாள். இனிமேல் அவர் அதுதான்.

அப்போதுதான் கூட்டத்தின் பின்னால், கைத்தடியை மண்ணில் ஊன்றி, சாம்பல் நிறத் தொப்பி வைத்த மெலிந்த கிழவி ஒருத்தியைப் பார்த்தாள். முன்பின் பார்த்ததில்லை. பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த பிறகு ஊர்ச் சாராயக் கடையின் பெரிய அறையில் சாப்பாடு. சூப், வேகவைத்த மாட்டிறைச்சி, முள்ளங்கித் துருவல், சோடா கலந்த ஒயின். யசென்கா அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். எதிரில் ஸ்தெஃபெக் உட்கார்ந்தார். வத்ரோஸ்லாவோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பிறகு குகையில் வாளி தூக்கியவர், நடுவில் கொஞ்ச காலம் ஆஸ்திரியாவில் கிராஸ் நகரில் கட்டட வேலை. ஜெர்மன் மொழியில் அவருக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி வசவு.

"நீங்கதானா அந்த 'ரெண்டு பேர்' அம்மா?" என்றார்.

"நான்தான்," என்றார் ஹெட்விக்.

"எங்காளு செத்துட்டான். இப்பவும் ரெண்டு பேர்தானா? இல்ல, பாவம்னு ஒன்னரை ஆக்கிட்டீங்களா?"

"மாமா, சும்மா இருங்க," என்றாள் யசென்கா.

"என்னத்த சும்மா இருக்குறது? ஒவ்வொரு புது வருஷமும் இந்தம்மா அட்டை வர்ற வரைக்கும் அவன் தபால்காரனப் போட்டுப் பாடாப் படுத்துவான். ஒரு தடவ பனியில தபால் ரெண்டு நாளு லேட்டு. மண்வெட்டிய எடுத்துக்கிட்டு ரோட்ட வெட்டப் போயிட்டான். வியன்னா வரைக்கும் வெட்டுறேன்னான். நான்தான் ரெண்டாவது வளைவுல புடிச்சு இழுத்துட்டு வந்தேன்."

மேசையில் சிரித்தார்கள். ஹெட்விக் சிரிக்கவில்லை. இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கினார், ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. ஸ்தெஃபெக் குவளையை நிரப்பிக்கொள்ள எழுந்து போனார்.

யசென்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "டாக்டர், உங்கள ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு விட்டுர்றேன். அப்பா சொன்னது... இல்லன்னா இல்லன்னே சொல்லிருங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்."

"நான் எழுதினது படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன்."

"அதுல தெளிவா இருக்கு."

"ம்."

"அச்சு பொருந்தல. ரெண்டும் கெடைச்ச மண் அடுக்கு வேற வேற. அந்த எலும்ப என் மேசைய விட்டு நகர்த்த எனக்கு அனுமதியும் கெடையாது. நகர்த்தியிருந்தேன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. அதனால நகர்த்தல."

"சரி," என்றாள் யசென்கா. தட்டுகளை அடுக்கத் தொடங்கினாள். கதைசொல்லி. சரி, கதைசொல்லியாகவே இருக்கட்டும். அதற்கும் சேர்த்துத்தான் அவரைப் பிடித்திருந்தது. ஆனாலும் உள்ளே எங்கோ, அவருக்கு உண்மையாகவே ஒரு மத்தியானம் கிடைத்திருக்கவேண்டும் என்று ஒரு ஆசை குழந்தை மாதிரி காலை உதைத்துக்கொண்டிருந்தது.

கடைக்காரப் பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். கூடவே சர்க்கரைக் கிண்ணம்.

ஹெட்விக் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் யாரோ பாட ஆரம்பிக்க, இன்னொருவர் அடக்கினார். காபி ஆறியது. பிறகு அவர் யசென்காவின் கையிலிருந்து ஒரு காலி சூப்புத் தட்டை வாங்கி, கைக்குட்டையால் துடைத்து, சர்க்கரை மொத்தத்தையும் அதில் கவிழ்த்தார்.

"டாக்டர்?"

"பொருத்தின எலும்ப நிக்க வைக்க மணல் தட்டு வேணும். கைய எடுத்தா சாஞ்சிரும்." கரண்டியின் முதுகால் சர்க்கரையைத் தட்டிச் சமப்படுத்தினார். வேலை தெரிந்த விரல்கள். நடுவில் குதிரை லாடம் போல ஒரு பள்ளம் வளைத்தார். "ரயில் நிலையத்துல மணலுக்கு எங்க போறது? உங்கப்பா எழுந்திரிச்சுப் போயி ஒவ்வொரு மேசையா சர்க்கரைக் கிண்ணத்தத் தூக்கிட்டு வந்தாரு. எல்லாரும் காபிய வெறுமனே குடிச்சாங்க."

யசென்கா தட்டுகளைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள்.

"அவருக்கு ரயில் நேரம் வந்துச்சு, போயிருச்சு. அடுத்ததும் போயிருச்சு. நாங்க ரெண்டு பேரும் பேசவே இல்ல. சர்க்கரையில சேந்து நின்ன அந்தத் தாடையத்தான் பாத்துட்டு இருந்தோம்." ஹெட்விக் பள்ளத்தின் ஓரத்தைச் சுண்டு விரலால் மெல்லச் சரிசெய்தார். "வீட்டுக்குப் போயி என் பாதியத் தூரிகையால துடைச்சேன். எல்லாம் போயிருச்சு. ஒரு சர்க்கரைக் கல்லு மட்டும் பல்லு விழுந்த குழிக்குள்ள மாட்டிக்கிச்சு. ஊசியால நெம்பினா வந்திரும்."

"வந்துச்சா?"

"நெம்பல," என்றார் ஹெட்விக்.