மூன்றாவது சுற்றில் நிற்கும் கார்

கடை டெலிபோன் அலறியது. பல்லில் கவ்வியிருந்த ஸ்க்ரூவை எடுத்துக் கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தாள் கெசியா.

"பேஷண்ட் மறுபடியும் போய்ட்டாம்மா. பல்ஸே இல்ல."

ஜெயபுஷ்பத்தின் குரல். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஐ.சி.யூ.வில் நர்ஸ்; வீடு ஆம்பூரில். பேஷண்ட் என்று அவள் சொன்னது, மூன்று மாதத்துக்கு முன்பு கெசியா தன் கையால் அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டரை.

"எத்தினாவது ரவுண்டுக்கா?"

"அதே மூணாவது. ரேஸ் கேம்ல மொதல்ல கார் மாட்டு வண்டி கணக்கா நகருது. அப்புறம் டக்குனு ஸ்கிரீன் கறுப்பாயிடுது. இன்னைக்கு எனக்கு ஆஃப், கெளம்பி வா. பக்கத்து வீட்டு ஃபீபியும் உன்னப் பாக்கணும்னு சொல்லிட்டிருக்கா."

கடைசி வாக்கியம்தான் கெசியாவை உடனே கிளம்ப வைத்தது. ஃபீபியும் அதே வார்டு நர்ஸ்தான். 'ஜெயா மிஷின் ஒழுங்கா ஓடினா எங்க வார்டு நர்ஸுங்க மூணு பேரும் உன்கிட்டயே மிஷின் வாங்குறோம்' என்று வாக்கு கொடுத்திருந்தாள். அது 2004. ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் கடைகள் ஐந்து. நான்கில் ஆண்கள். ஐந்தாவது கெசியாவுடையது. 'பொம்பள பூட்டுன மிஷின் எத்தினி நாளைக்கு' என்று அந்த நாலு கடையிலும் பேசிக்கொள்வது அவள் காதுக்கு வராமல் இல்லை. இந்த ஒரு மிஷின் படுத்தால் கடையின் பெயரும் கூடவே படுத்துவிடும்.

மொபெட்டில் ஜெயபுஷ்பத்தின் வீட்டுக்குப் போகும்போது, இதுவரை செய்ததையெல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முதல் தடவை கரண்ட் மேல் பழியைப் போட்டாள். சாயங்காலம் தொழிற்சாலை மோட்டார்கள் எல்லாம் சுற்றும்போது வோல்டேஜ் நூற்றெண்பதுக்கு இறங்குகிற தெரு அது. ஸ்டெபிலைசர் வைத்தாள். கேட்கவில்லை. இரண்டாவது தடவை பவர் சப்ளையைக் கழற்றிவிட்டுப் பெரிய வாட்ஸில் வேறு போட்டாள். மூன்றாவது தடவை மிஷினையே கடைக்குத் தூக்கி வந்து, இரண்டு நாள் அந்த ரேஸ் கேமை நிறுத்தாமல் ஓடவிட்டாள். ஒரு தும்மல் கூட இல்லை. திருப்பிக் கொடுத்த அன்றே மறுபடி போன்.

கதவைத் தட்டினாள்.

"வர்றேன், ஒரு நிமிஷம்!"

உள்ளே எதையோ இழுக்கிற சத்தம். டிரங்குப் பெட்டி மூடுகிற சத்தம். பிறகுதான் இன்பராஜ் கதவைத் திறந்தான். ஜெயபுஷ்பத்தின் கணவன், ஷூ கம்பெனியில் தோல் வெட்டுகிற கட்டிங் செக்‌ஷன். பெண்டாட்டி ஆசைப்பட்டாள் என்பதற்காக ஓவர்டைம் பார்த்து இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிக் கொடுத்தவன். வாரம் முழுக்க ஐ.சி.யூ.வில் அடி வைப்பதும் மெதுவாக, பேசுவதும் மெதுவாக என்று இருக்கிறவளுக்கு, லீவு நாளில் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்ட வேண்டும்.

கெசியா தன் டூல்ஸ் பையைத் தரையில் விரித்தாள். பழுப்புத் தோல் பை. ஓரமெல்லாம் தேய்ந்து கறுத்திருந்தது. இன்பராஜின் கண் அதிலேயே நின்றது.

"கைத்தையலாம்மா இது?"

"ஆமாண்ணா."

"ஊசி போட்டவன் சாதாரண ஆளில்ல. யாரு தெச்சது?"

"அந்த பிளக்கை கொஞ்சம் ஆன் பண்ணுங்கண்ணா" என்றாள் கெசியா.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு, ஐந்து வர வேண்டிய இடத்தில் ஐந்து. ஜெயபுஷ்பம் நாற்காலியை இழுத்துப் போட்டுக் காரைக் கிளப்பினாள். மூன்றாவது சுற்று முடிந்தது. ஐந்தாவது முடிந்தது. எட்டாவதும் முடிந்தது.

"பாத்தியா! உன்னப் பாத்தா மட்டும் ஒழுங்கா ஓடுது. இன்னா திமிரு பாரு இதுக்கு!"

கெசியா சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே யோசித்தாள். கடையில் ஓடுகிறது. நான் இங்கே இருந்தால் ஓடுகிறது. நான் போனால் நிற்கிறது. மிஷினுக்கு என்னைத் தெரியாது. அப்படியானால் நான் வரும்போது இந்த வீட்டில் ஏதோ ஒன்று மாறுகிறது.

அப்போதுதான் கம்ப்யூட்டர் டப்பாவின் மூலைகளைப் பார்த்தாள். வெள்ளை டப்பா. மூலைகளில் மட்டும் லேசாகப் பழுப்பு ஏறியிருந்தது. விரலை ஈரப்படுத்தித் தேய்த்தாள். விரலில் ஒட்டிய நிறத்தை மோந்து பார்த்தாள். பின்பக்க ஃபேனின் இறக்கைகளில் பூனை முடி போல மெல்லிய பழுப்புப் பிசிறு. கதவு திறக்க ஆகிற அந்த ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆகிற ஒரு நிமிஷம்.

"அக்கா, நான் வர்றதுக்கு முன்னாடி இது மேல இன்னா இருந்துச்சு?"

ஜெயபுஷ்பம் புருஷனைப் பார்த்தாள். "ஒண்ணுமில்லியே, சும்மா துணி" என்றான் இன்பராஜ்.

"துணிச் சாயம் இந்த வாசன அடிக்காதுண்ணா."

"போய் எடுத்தாங்க" என்றாள் ஜெயபுஷ்பம். "ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு டாக்டர்கிட்ட மறைச்சா எப்டி?"

டிரங்குப் பெட்டியிலிருந்து அவன் எடுத்து வந்ததைப் பார்த்து கெசியா அசந்துபோனாள். டப்பாவுக்கு அளவெடுத்துத் தைத்த தோல் சட்டை. ஆறு துண்டுகள், ஒட்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. சிடி தட்டுக்கு ஒரு மடிப்பு, ஸ்விட்சுக்கு ஒரு வட்டம், பின்னால் ஒயர்களுக்கு ஒரு கீறல். காற்றுக்கு மட்டும் வழியே இல்லை. உள்ளே கையை விட்டாள். இன்னும் சூடு தணியவில்லை.

"குடுக்கும்போது நீதானே சொன்ன, தூசு படாம வச்சுக்குங்கன்னு?" என்றான் இன்பராஜ்.

சொல்லியிருந்தாள். எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான் அது.

"அதுக்கும் மூச்சு இருக்குண்ணா. உள்ள சூடு ஏறுனா மொதல்ல வேகத்தக் கொறச்சுக்கும். அப்பவும் தாங்கலன்னா தானே அணஞ்சுடும். சரி, இதுல ஒளிச்சு வைக்க இன்னா இருக்கு?"

இன்பராஜ் குரலை இறக்கினான். "எல்லாம் கம்பெனித் துண்டுமா. ரிஜெக்ட், குப்பைக்குத்தான் போவும். ஆனா கம்பெனி கேட்டத் தாண்டி குப்பையும் வெளிய வரக்கூடாது. ஆறு நாளு, நாளுக்கு ஒரு துண்டு, வயித்துல சுத்திக்கினு வந்தேன். நீ மாசாமாசம் எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் பாக்க வர்றவ. செக்யூரிட்டி ஆபீசர் மிஷினும் நீதான் பாக்குற. தெரிஞ்சா அன்னைக்கே வெளிய அனுப்பிடுவாங்க."

கெசியா பையிலிருந்து சாக்பீஸை எடுத்துத் தோலின் மேல் ஒரு சதுரமும் இரண்டு வட்டமும் வரைந்தாள். "இங்க, இங்க, அப்புறம் இங்க. வெட்டுங்க."

அவன் கத்தியை எடுத்தான். மூன்று நிமிஷம்தான். வட்டம் வட்டமாகவே வந்தது. சட்டையை மாட்டி ஜெயபுஷ்பம் மறுபடி காரைக் கிளப்பினாள். மூன்றாவது சுற்றை மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கார் பறந்தது. பன்னிரண்டாவது சுற்றில் கெசியா பின்பக்கம் கையை நீட்டினாள். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் சீராக மோதியது.

"ஜெயா! கெசியா வந்துட்டாளா?"

வாசலில் ஃபீபி. இன்பராஜ் ஒரே இழுப்பில் சட்டையை உருவிக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.

"இன்னாம்மா, கண்டுபுடிச்சியா?" என்று உள்ளே வந்தாள் ஃபீபி. "மிஷின்ல கொறயா, இவங்க கையில கொறயா? தெரிஞ்சுக்கினா நாங்களும் ஒரு முடிவுக்கு வருவோம்."

ஒரே வரி போதும். 'மிஷின்ல ஒரு குறையும் இல்லக்கா, இவங்க மூடி வச்சு ஓட்டியிருக்காங்க.' அந்த வரி கெசியாவின் நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. மூன்று மாத அவமானமும் அதில் கழுவிப் போய்விடும். ஆனால் எதால் மூடினார்கள் என்று ஃபீபி கேட்பாள். கேட்காமல் விடுகிற ஆளில்லை. சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முழுக்க. ஃபீபியின் தம்பி அதே ஷூ கம்பெனியில்தான், வருகை பதிகிற டைம் ஆபீஸில் இருக்கிறான்.

இன்பராஜ் கட்டில் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

"மிஷின்லதான்க்கா" என்றாள் கெசியா. "நான் போட்டது சரியில்ல. என் தப்புதான். இப்ப மாத்திட்டேன்."

ஃபீபியின் முகம் சுருங்கியது. "மூணு மாசமா கண்டுபுடிக்க முடியலியா? பேஜாராப் போச்சே. நாங்க அப்ப கொஞ்சம் யோசிச்சுச் சொல்றோம்மா." செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போனது.

திரையில் கார் உறுமிக்கொண்டு நின்றது; ஓட்டுகிறவள் கையை எடுத்துவிட்டிருந்தாள்.

"மூணு மிஷின் போச்சேம்மா" என்றான் இன்பராஜ். "எங்களுக்காக நீ ஏன் உன் பேரைக் கெடுத்துக்கணும்?"

கெசியா ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் இடத்தில் செருகினாள். பழுப்புத் தோலை மடித்து வாரைக் கட்டினாள்.

"யாரு தெச்சதுன்னு கேட்டீங்களேண்ணா. எங்கப்பா தெச்ச மொத பை இது. ரெண்டாவதுக்குத் துண்டு எடுத்துக்கினு வரும்போதுதான் உங்க கம்பெனி கேட்ல புடிச்சாங்க."