கண்ணாடியில்லாமல் பார்த்த பக்கம்

அக்காவின் பிரவுசரில், முகவரி எழுதும் கட்டத்துக்குப் பக்கத்தில், சின்னச் சின்னப் படங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். எல்லாம் எக்ஸ்டென்ஷன்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஆளுக்கொரு வேலை பார்ப்பவை. ஒன்றைத் திரையில் எந்த இடத்தில் வைத்தாலும் அந்த நிறத்தின் எண்ணைச் சொல்லிவிடும். ஒன்று அளவுகோல். ஒன்று, ஊரான் தன் தளத்தில் போட்டிருக்கும் எழுத்துரு எதுவென்று காட்டிக்கொடுக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்களுக்கு அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று காட்ட இன்னொன்று.

"என்ன இது, பஸ் படிக்கட்டுல ஆள் மாதிரி தொங்குதுங்க?" என்பார் அத்தான்.

"ஒண்ணை இறக்கி விட்டாலும் வண்டி ஓடாது. நீங்கதான் டிக்கெட் இல்லாம ஏறினவரு," என்பாள் அக்கா.

அவள் இணையதளங்களை வடிவமைப்பவள். நான் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அவளும் அத்தானும் இருந்த வீட்டிலேயே பின்னறை எனக்கு. அவள் மேசை முன்னறை ஜன்னலோரம் இருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் இதயம் அவளுக்கு. அதனால் வீட்டிலிருந்தபடியே வேலை.

கடைசியாக அவள் எடுத்துக்கொண்டது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் தளம். கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்ககிட்ட வர்றவங்க பாதிப் பேர் கண்ணாடியை உடைச்சிட்டுதான்மா வர்றாங்க. அவங்க எங்க சைட்டை எப்படிப் படிப்பாங்களோ, கடவுளுக்கே வெளிச்சம்." அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில்லாதவரும் படிக்கிற மாதிரிதான் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பக்கத்தை மங்கலாக்கிக் காட்டவும் ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு. அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"இது யாரோ கணக்குப் போட்டுச் செஞ்ச மங்கல். எனக்கு அசல் மங்கல் வேணும். கழட்டுடி."

கண்ணாடியைக் கழற்றினால் கை தொடும் தூரத்தில் இருக்கும் முகமே எனக்கு வெறும் நிறம்தான். ஒரு மத்தியானம் என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"என்ன தெரியுது?"

"மேல கருநீலமா ஒரு பட்டை. கீழ வெள்ளை."

"வெள்ளையில?"

"எறும்பு ஊர்ற மாதிரி ஏதோ."

"எறும்பா? கண் பரிசோதனைக்கு நேரம் குறிக்கிற இடம்டி அது! இரு." தட்டும் சத்தம். "இப்ப?"

"எறும்பு வண்டாயிடுச்சு."

சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கிக் கொஞ்சம் நிறுத்தினாள். மறுபடி தட்டினாள். "இப்ப?" "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு கட்டத்தில் அந்த வரி எனக்குப் படிக்க வந்தது. சத்தமாகப் படித்தேன். என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு விழுந்தது.

"கண்ணாடியைப் போட்டுக்கவா?"

"வேண்டாம். ஓரமெல்லாம் இன்னும் சரி பண்ணணும். பாதி வெந்ததைப் பார்க்காதே. முடிச்சிட்டுக் கூப்பிடறேன்."

அவள் வேலை செய்யும் முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கோப்பில் எழுதிவிட்டுப் பிரவுசரில் பார்ப்பார்கள். அவள் பிரவுசரிலேயே பக்கத்தைத் திறந்து, உள்ளே கைவிட்டு, நிறத்தையும் அளவையும் அங்கேயே மாற்றுவாள். மாற்றம் அந்தத் திரையில் மட்டும்தான் இருக்கும். பக்கம் மறுபடி லோட் ஆகி ஏறினால் எல்லாம் போய்விடும். முழுதும் பிடித்த பிறகுதான் எடுத்துக் கோப்பில் சேர்ப்பாள். அவளோடு சேர்ந்து வேலை செய்தவர் ஒருவர் இருந்தார். எதைப் பார்த்தாலும் அளப்பதால் அவருக்கு ரூலர் என்று அக்கா பெயர் வைத்திருந்தாள். "அப்பப்ப சேவ் பண்ணுன்னு சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேய்ஞ்சுது," என்று அவர் அலுத்துக்கொள்வார். "அடுப்புல இருக்கும்போதே ருசி பார்த்தாத்தான் எனக்குச் சரிப்படும்," என்பாள்.

அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்கு நெஞ்சை அடைத்தது. அத்தான் வண்டி பிடிக்க ஓடினார். அவளே பிரவுசரில் பக்கத்தில் இன்னொரு தாவலை, அதாவது டேபை, திறந்து, மருத்துவமனையின் எண்ணைத் தேடி, போனில் பேசினாள். கிளம்பும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அதை மூடிடாதே. வந்து எடுத்து வெச்சுக்கறேன்," என்றாள்.

வரவில்லை.

வீடு உறவினர்களால் நிரம்பியது. யாரோ டம்ளர்களை வைக்க லேப்டாப்பை நகர்த்தப் போனார்கள். நான் குறுக்கே போய் நின்றேன். அத்தான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் சார்ஜர் வயரை மட்டும் அடிக்கடி வந்து தொட்டுப் பார்த்தார். "அது அணையக் கூடாது," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். திரை கறுத்திருந்தது, ஓரத்தில் சின்ன விளக்கு மட்டும் எரிந்தது. முன்னால் இருப்பது மருத்துவமனையின் எண். அதற்குப் பின்னால் அக்காவின் பக்கம். அவள் கடைசியாகச் செய்தது அங்கே மட்டும்தான் இருக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தொடப் பயந்தோம்.

எல்லாரும் போன பிறகு ரூலர் வந்தார். அவள் நாற்காலியில் உட்காராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பயப்படாதீங்க. பக்கத்தை இருக்கிற நிலையிலேயே மொத்தமா காப்பி எடுக்க ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கு. அவங்களே வெச்சிருக்காங்க. ஒரே அமுக்குல எடுத்துடலாம்."

திரை விழித்தது. மருத்துவமனையின் எண் தெரிந்ததும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரூலர் அக்காவின் தாவலை அமுக்கினார். பக்கம் வரவில்லை. வெள்ளைத் திரையில் ஒரு வளையம் சுற்றியது. அவர் கை சுட்டதுபோல் விலகியது.

பிறகு பக்கம் வந்தது. எழுத்துகள் பொடிப்பொடியாக இருந்தன. அந்த மத்தியானத்துக்கு முந்தைய பக்கம்.

"என்னாச்சு?" என்றார் அத்தான்.

"தூங்க வெச்சிருக்கு."

"எது?"

"லேப்டாப் பழசு, மெதுவா ஓடுதுன்னு சொன்னாங்க. ரொம்ப நேரம் தொடாத தாவலைத் தூங்க வைக்கிற எக்ஸ்டென்ஷன் ஒண்ணு உண்டு. திரும்பத் தொட்டா பக்கத்தை முதல்லேருந்து லோட் பண்ணும்." ரூலர் ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்தார். "நான்தான் போட்டுக்கச் சொன்னேன். பார்த்திருக்கணும். தாவல் சாம்பல் நிறத்துல இருந்துச்சு. பார்த்திருக்கணும்."

அவள் வீட்டை விட்டுப் போன கொஞ்ச நேரத்திலேயே அது தூங்கியிருக்க வேண்டும். அத்தனை பேர் வந்து போன நேரமெல்லாம் நாங்கள் காவல் காத்தது ஒன்றுமில்லாததை.

"அதைத் தூக்கிப் போடு," என்றார் அத்தான்.

ரூலர் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கினார். உடனே ஒரு பக்கம் குதித்து வந்தது. நீங்கள் போவதில் எங்களுக்கு வருத்தம், காரணத்தைச் சொல்வீர்களா என்று கேட்டது. சரியாக வேலை செய்யவில்லை, இதைவிட நல்லது கிடைத்தது, இனித் தேவையில்லை என்று மூன்று பதில்கள் வரிசையாக இருந்தன. அத்தான் குனிந்து எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தார்.

"இதுல எதைப்பா தொடுறது?" என்று ரூலரைக் கேட்டார். கேட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ரூலர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ அதைப் பார்த்தேல்ல?"

"கண்ணாடி இல்லாம பார்த்தேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி. கழட்டு," என்றார்.

அன்று போலவே உட்கார்ந்தேன். பட்டை இன்னும் கீழே வரும் என்றேன். நீலம் இன்னும் இருட்டு என்றேன். இல்லை, அவ்வளவு வேண்டாம் என்றேன். நிறம் பார்க்கும் கருவியையும் அளவுகோலையும் மாற்றி மாற்றி எடுத்து அவர் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏதோ ஒரு இடத்துல மஞ்சள் வைக்கப் போறேன்னு சொன்னா," என்றார் தரையிலிருந்து அத்தான். எனக்கும் அந்த மஞ்சள் கசிவு ஞாபகம் வந்தது, வலப்பக்கம். மெல்ல மெல்ல அதே மங்கல் திரண்டு வந்தது. அதே நீலம், அதே வெள்ளை, படிக்க வருகிற அதே வரி. அக்காவின் குரலுக்காக என் காது தானாகவே காத்திருந்தது.

"இப்ப?" என்றார் ரூலர்.

"இதேதான்," என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எல்லாம் துலக்கமாக வந்து நின்றது. கட்டங்களின் முனைகள் கத்தரித்ததுபோல் நேராக இருந்தன.

"இந்த முனையெல்லாம் அக்கா வெச்சதா?"

"தெரியலைம்மா. நான் வெச்சது. வளைவா இருந்ததா?"

வளைவும் நேரும் மங்கலில் ஒன்றுதான். எழுத்துரு, ஓரத்து இடைவெளி, பொத்தானுக்கடியில் ஒரு நிழல் என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதுவும் எனக்குப் பழக்கமாக இல்லை.

கடைக்காரர் வந்தார். தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுத்துக்கூட்டாமல் படித்தார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "இதையே போட்டுடுங்க," என்றார்.

அவர் போனதும் ரூலர் பக்கத்தின் அடிவரிக்குப் போனார். வடிவமைத்தவர் பெயர் வரும் இடம் அது. அக்காவின் பெயரை முழுதாக எழுதினார்.

"வேண்டாம், எடுத்துடுங்க," என்றேன்.

"ஏம்மா?" அத்தானின் குரல் உயர்ந்தது. "அவ கடைசி வேலை. பேராவது இருக்கட்டும்."

"அவ கடைசி வேலை போயிடுச்சு அத்தான். இது இவர் செஞ்சது."

"நீ சொல்லித்தானே செஞ்சாரு? அவ செஞ்சதைப் பார்த்துத்தானே நீ சொன்னே?"

"நான் என்னத்தைப் பார்த்தேன்? அவளே இன்னும் முடிக்கலைன்னு சொன்னா. பாதியைப் பார்க்காதேன்னா. தான் பார்த்து முடிக்காத பக்கத்துல அவ என்னைக்காவது பேரைப் போட்டிருக்காளா?"

அத்தான் ஜன்னலோரம் போனார். அவளை அவருக்குத் தெரியாதா?

"என் பேரை மட்டும் எப்படிம்மா போடுவேன்?" என்றார் ரூலர்.

"அப்ப யார் பேரும் வேண்டாம்."

அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அழிச்சுடுப்பா," என்றார்.

ரூலர் மொத்தமாக அழித்திருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லையோ என்னவோ, பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். பெயர் குறுகிக்கொண்டே வந்தது. ஓரிடத்தில், அத்தான் அவளை வீட்டில் கூப்பிடுகிற பெயராக வந்து நின்றது. ரூலரின் விரல் நின்றுவிட்டது. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தபடி இருந்தோம்.

பிறகு அத்தான்தான் எட்டிக் கையை நீட்டி, மிச்சத்தையும் அழித்தார்.